இலையின் பசியும் தாகமும்

திருவண்ணாமலையை நெருப்பின் தலம் என்று கூறுவது நம் மரபு. ஐம்பூதங்களுக்கும் தலம் வகுத்த முன்னோர், காஞ்சிக்கு நிலத்தையும், திருவானைக்காவுக்கு நீரையும், காளத்திக்குக் காற்றையும், தில்லைக்கு ஆகாயத்தையும் தந்து, அண்ணாமலைக்குத் தீயைத் தந்தார்கள். கார்த்திகைத் திங்களில் அம்மலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபத்தை நாடே அறியும். இன்று நாம் பேசப் புகுவது அந்த மலைச் சரிவில் பங்குனி, சித்திரை மாதங்களில் காயும் வெயிலைப் பற்றியும், அந்த வெயிலில் நிற்கும் ஒரு மரக்கன்றைப் பற்றியுமாகும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, 1980-களில் பெரும்பாலும் மரமற்று, பாறையும் புல்லுமாகக் காட்சியளித்தது. விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. ஆடுமாடுகள் தளிர்களை மேய்ந்தன. கோடையில் காய்ந்த புல்லில் தீப்பற்றிச் சரிவெங்கும் பரவியது. 1988-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அண்ணாமலைக் காடுவளர்ப்புச் சங்கமும், அதன்பின் தோன்றிய ‘ஃபாரஸ்ட் வே’ என்னும் அறக்கட்டளையும் மலையில் மீண்டும் மரம் வளர்க்க முனைந்தன. இத்தகைய முயற்சி எதிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றே: நட்ட கன்று முதற் கோடையைத் தாண்டுமா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது எளிய செய்தியாகத் தோன்றும். மழை இல்லை, மண்ணில் ஈரம் இல்லை, ஆகவே கன்று வாடுகிறது. ஆனால் சற்றே ஆழ்ந்து கேட்போம். கன்றினுள் ஓரளவு நீர் இருக்கிறது அன்றோ? மழை வரும்வரை அதை வெளியே விடாமல் காத்துக்கொண்டால் போதாதா? வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் இலை வழியே ஆவியாகப் போய்விடுகிறது என்று தாவர நூலார் கணக்கிட்டிருக்கிறார்கள். உடலைக் கட்டுவதற்குச் செடி வைத்துக்கொள்ளும் நீர் மிகச் சிறு பகுதியே. சிக்கனமே உருவான இயற்கை இந்த ஓர் இடத்தில் மட்டும் இவ்வளவு ஊதாரியாக இருப்பது ஏன்?

இதற்கு விடை இலைத்துளையில் இருக்கிறது.

இலையின் மேற்புறமும் அடிப்புறமும் மெழுகு போன்ற ஒரு மெல்லிய படலத்தால் மூடப்பட்டுள்ளன. இப்படலத்தின் வழியே நீர் மிகக் குறைவாகவே கசியும். ஆனால் இப்போர்வையில் கண்ணுக்குப் புலப்படாத வாயில்கள் பல உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில், செடிக்கேற்ப, பொதுவாக 50 முதல் 300 வரை இத்துளைகள் அமைந்திருக்கின்றன. மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இவை வெயில் படாத அடிப்புறத்திலேயே உள்ளன.

ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் இரண்டு காப்பு உயிரணுக்கள் நிற்கின்றன. இரண்டு அவரை விதைகளை உட்குழிவுகள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்தாற்போன்ற தோற்றம் இவற்றுக்கு. துளையை ஒட்டிய சுவர் தடித்தும், அதற்கு எதிர்ச் சுவர் மெலிந்தும் இருக்கும். சைக்கிள் டியூபின் ஒரு துண்டை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் நீளமாகத் தடித்த ரப்பர்ப் பட்டை ஒட்டிக் காற்றடைத்தால் என்ன ஆகும்? பட்டை ஒட்டிய பக்கம் நீள இயலாது, மறுபக்கம் நீளும், ஆகவே டியூப் வில்லாக வளையும். காப்பு உயிரணுவில் நீர் நிறையும்போதும் இதுவே நிகழ்கிறது. இரண்டும் வெளிநோக்கி வளைய, நடுவே துளை திறக்கிறது. நீர் வெளியேறினால் அவை தளர்ந்து ஒன்றோடொன்று பொருந்த, துளை மூடுகிறது.

நீர் இவ்வுயிரணுக்களில் நிறைவது எவ்வாறு? உயிரணுவினுள் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதே முழுக் காரணம் என்று முற்காலப் பாடநூல்கள் கூறிவந்தன. பொட்டாசியம் என்னும் உப்புப்பொருளே இதில் முதன்மையானது என்பது 1960-களில் நிகழ்ந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. காலை ஒளி பட்டதும் காப்பு உயிரணு தன் ஆற்றலைச் செலவிட்டுப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது; உப்பு சென்ற இடத்துக்கு நீரும் தொடர்ந்து செல்கிறது. துளை திறக்கிறது. ஆகவே இலைத்துளை சுவரில் இருக்கும் வெறும் ஓட்டையன்று. உயிருள்ள வாயிற்காவலர் காக்கும் வாயில் அது.

இவ்வாயிலைத் திறப்பது நீரை வெளிவிடுவதற்காக அன்று, உணவுக்காக. இலை காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு, வேர் அனுப்பும் நீரோடு சேர்த்து, ஒளியின் துணையால் சர்க்கரை ஆக்குகிறது. பிராணவாயுவை வெளிவிடுகிறது. நாம் உண்ணும் சோறும், எரிக்கும் விறகும், மூச்சிழுக்கும் காற்றின் பிராணவாயுவும் இவ்வொளிச்சேர்க்கையின் விளைவே. ஆனால் கரியமிலவாயு காற்றில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவே உள்ளது. அத்துணை அரிய பொருளைப் பெற வாயிலைத் திறந்துவைத்தே ஆகவேண்டும். இலையின் உட்புறமோ ஈரம் தோய்ந்தது; வெளிக் காற்றோ வறண்டது. கரியமிலவாயு உள்ளே புகும் அதே வாயில் வழியே நீராவி வெளியே விரைகிறது. நெல், மா, வேம்பு போன்ற செடிகொடிகளில், கரியமிலவாயுவின் ஓர் அணுத்திரள் உள்ளே சேர்வதற்குள் நீரின் சில நூறு அணுத்திரள்கள் வெளியேறிவிடுகின்றன. வாயில் திறந்தால் தாகம், மூடினால் பசி. இந்த இரண்டுக்கும் இடையிலேதான் செடியின் வாழ்வு முழுவதும் நடக்கிறது.

இச்செலவை முதன்முதல் தராசிலிட்டுக் காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார். தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியை, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி தொட்டியை மூடி, நாள்தோறும் நிறுத்துப் பார்த்தார். மூன்றரை அடி உயரமுள்ள அச்செடி பன்னிரண்டு மணிநேரப் பகலில் சராசரியாக ஒரு பவுண்டு நான்கு அவுன்சு, அதாவது அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள நீரை இழந்தது. அவருடைய நூல் 1727-இல் வெளிவந்தது. ஒரு தராசும், பொறுமையும், நல்லதொரு கேள்வியும் இருந்தால் ஆராய்ச்சி செய்யலாம் என்பதற்கு அது இன்றும் சான்றாக நிற்கிறது.

மற்றொரு புதிரும் இங்கே உண்டு. துளைகள் அனைத்தும் திறந்திருந்தாலும் அவற்றின் மொத்தப் பரப்பு இலைப் பரப்பில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். இத்துணைச் சிறிய திறப்பின் வழியே இவ்வளவு ஆவி செல்வது எப்படி? 1900-ஆம் ஆண்டில் பிரவுன், எஸ்கோம்ப் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள். மிகச் சிறிய துளைகளின் வழியே வாயு பரவும்போது, அதன் வேகம் துளையின் பரப்பை ஒட்டாமல் அதன் விட்டத்தையே ஒட்டி அமைகிறது என்று கண்டார்கள். தீபத் திருநாளில் கோபுர வாயிலினின்று வெளிவரும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். நடுவில் வருவோர் முன்னே செல்வோரின் முதுகில் முட்டி நிற்பார்கள். ஓரத்தில் வருவோர் பக்கவாட்டில் விலகி விரைந்து போய்விடுவார்கள். ஒரே அகன்ற வாயிலைவிட, இடைவெளி விட்டு அமைந்த பல சிறு வாயில்களுக்கு ஓரங்கள் மிகுதி. இலையின் அமைப்பும் இத்தகையதே.

சரி, திறப்பதா மூடுவதா என்பதைச் செடி எவ்வாறு முடிவு செய்கிறது? ஒளி திறக்கச் சொல்கிறது. இலையினுள் கரியமிலவாயு குறைந்தால் அதுவும் திறக்கச் சொல்கிறது. காற்று மிக வறண்டால் மூடும்படி தூண்டுகிறது. மண் காயும்போது அப்சிசிக் அமிலம் என்னும் ஊக்கப்பொருள் செடியில் பெருகி, காப்பு உயிரணுக்களை அடைகிறது. உடனே அவை பொட்டாசியத்தை வெளியேற்றித் தளர்கின்றன. இவ்வமிலமும் 1960-களில் கண்டறியப்பட்டதே. கடும் வெயிலில் பல மரங்கள் நண்பகலில் துளைகளை ஓரளவு மூடிக்கொண்டு, பிற்பகலில் வெயில் தணிந்ததும் மீண்டும் திறப்பதுண்டு. உச்சி வெயிலில் கடையடைத்து மாலையில் திறக்கும் வணிகரைப் போல அவை நடந்துகொள்கின்றன.

வாயில் ஒன்றாயினும், வாழும் இடத்துக்கேற்பச் செடிகள் அதனை அமைத்துக்கொண்ட விதம் பலவாகும். கோயில் நகரம் ஒன்றில் உலவினாலே இவற்றைக் காணலாம். குளத்தில் மிதக்கும் அல்லியிலையின் அடிப்புறம் நீரில் படிந்திருப்பதால், அதன் துளைகள் மேற்புறத்தில் உள்ளன. நீரினுள்ளேயே மூழ்கி வாழும் வேலம்பாசிக்கோ தொழில்படும் இலைத்துளைகள் இல்லை. பூசைக்கு மலர் தரும் அரளி வறட்சியைத் தாங்கி நிற்கும். அதன் இலையின் அடிப்புறத்தில் சிறு குழிகள் உண்டு. துளைகள் அக்குழிகளுக்குள் ஒளிந்திருக்கும். குழிகளில் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கும். வெளிக்காற்று உள்ளே அலையாததால் குழியில் ஈரம் தங்குகிறது. ஆவியும் மெல்லவே செல்கிறது. அண்ணாமலையார் கோயிலின் தலமரமான மகிழ மரத்தின் இலையைத் தடவிப் பாருங்கள். அதன் வழவழப்பும் பளபளப்பும் மெழுகுப் படலத்தின் வேலை.

மலைச் சரிவிலுள்ள புல்லின் வழி வேறு. வாசனைப் புல், கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, சவ்வாது மலையில் விளையும் சாமை ஆகியவை ஓர் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் இலைக்குள் கரியமிலவாயுவைத் திரட்டி அடர்த்தியாக்கித் தரும் ஒரு முன்னேற்பாடு உண்டு. 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் கரும்பு இலையை ஆராய்ந்து இதனை விளக்கினார்கள். இவ்வேற்பாடு இருப்பதால் துளையைச் சிறிதே திறந்தாலும் போதிய உணவு கிடைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரிக்ஸ், ஷாண்ட்ஸ் என்போர் பயிர்களை அளந்து கண்ட கணக்கின்படி, ஒரு கிலோ உலர்ந்த பயிர் உருவாகச் சோளம் ஏறத்தாழ 320 கிலோ நீரையும், கோதுமை 510 கிலோவையும், நெல் 700 கிலோவையும் இலைவழி செலவிட்டன. மானாவாரி நிலத்தில் நம் உழவர் ஏன் புன்செய்த் தானியங்களை விதைத்தார்கள் என்பதன் காரணங்களுள் ஒன்று இந்த எண்களில் தெரிகிறது.

எல்லாவற்றிலும் வியப்புக்குரியது இரணகள்ளி. இலையை ஒடித்துப் போட்டால் அதன் விளிம்பிலிருந்து கன்றுகள் முளைப்பதால் ‘கட்டிப் போட்டால் குட்டி போடும்’ என்று சிறுவர் அழைக்கும் செடி அது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர அறிஞராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன் என்பவர் இதன் இலையை வெவ்வேறு நேரங்களில் மென்று பார்த்தார். விடியற்காலையில் அது புளித்தது. வெயில் ஏற ஏறப் புளிப்புக் குறைந்தது. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் சற்றுக் கசந்தது. இதனை அவர் கடிதமாக எழுத, இலண்டனில் லின்னேயன் சங்கத்தின் ஏடு 1815-இல் அதை வெளியிட்டது. இதன் பொருள் முற்றும் விளங்க நூறாண்டுக்கு மேலாயிற்று. இரணகள்ளி, ஏனைய செடிகளுக்கு மாறாக, இரவில் துளைகளைத் திறக்கிறது. இரவுக் காற்று குளிர்ந்தது, ஈரம் மிக்கது, ஆகவே நீரிழப்பு குறைவு. உட்புகும் கரியமிலவாயுவை அது மாலிக் அமிலமாக மாற்றிச் சேமிக்கிறது. காலைப் புளிப்புக்கு அந்த அமிலமே காரணம். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து வாயுவை மீண்டும் எடுத்து, சூரிய ஒளியில் உணவு சமைக்கிறது. சப்பாத்திக் கள்ளியும், பிரண்டையின் சதைப்பற்றுள்ள தண்டும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. ஆனால் இச்சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. ஓரிரவில் சேமிக்கக்கூடிய அமிலம் அளவுக்கு உட்பட்டது. ஆகவே இவற்றுள் பெரும்பாலானவை மெல்லவே வளர்கின்றன.

இனி மலைச் சரிவில் விட்டுவந்த கன்றிடம் திரும்புவோம். அது கள்ளியும் அன்று, புல்லும் அன்று. வேம்போ, கொன்றையோ, வேறோர் உள்நாட்டு மரமோ ஆகலாம். அது பகலில்தான் துளைகளைத் திறக்கவேண்டும். வளர்ந்த மரமாயின், ஆழ்ந்து சென்ற வேர் பாறை இடுக்குகளில் எஞ்சிய ஈரத்தைத் தேடிக் கொணரும். அல்லது கோடைக்கு முன் இலைகளை உதிர்த்து வாயில்களையே விட்டொழிக்கும். கன்றுக்கோ வேர் ஒரு சாண் ஆழமே. அதன் நிலை இருபுறமும் இடருடையது. துளைகளைத் திறந்தே வைத்தால், வேரிலிருந்து இலைவரை அறுபடாத நூல்போல் ஏறிவரும் நீர்க்கம்பி, இழுவை தாங்காமல் அறுந்து, குழாயினுள் காற்று புகும். அவ்வாறு அறுந்த குழாய்கள் பெருகினால் கிளை காய்ந்து, கன்று மாண்டுபோகும். துளைகளை மூடியே வைத்தால் உணவாக்கம் நின்று, சேமிப்பைத் தின்று தின்று மெலியும். வறட்சியில் மாளும் மரங்களுள் எது தாகத்தால் மாண்டது, எது பசியால் மாண்டது என்று பிரித்தறிவது அறிஞர்களுக்கே அரிதான செயலாக இருக்கிறது.

மரம் நடுவோரின் அனுபவ விதிகள் எல்லாம் இந்தக் கணக்கையே சரிசெய்கின்றன. கன்றை மழை தொடங்கியதும் நடுவது, கோடைக்குமுன் வேர் இறங்கப் பல மாதம் கிடைப்பதற்காக. நாற்றங்காலின் நிழலிலிருந்து எடுத்துச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குவது, இலையின் மெழுகு தடிக்கவும் வாயிற்காவலர் வறட்சிக்குப் பழகவும் உதவும். நடும்போது சில இலைகளைக் கிள்ளிவிடுவது, அறுந்த வேருக்கேற்ப வாயில்களின் எண்ணிக்கையைக் குறைப்பதாகும். அடியில் சருகு பரப்புவது மண்ணின் ஈரத்தைக் காக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வறட்சியில் பழகிய உள்நாட்டு மரங்களைத் தேர்ந்தெடுப்பது, பல்லாயிரம் ஆண்டுகளாக அவ்வெயிலில் இக்கணக்கைப் போட்டுப் பார்த்து வென்ற குடும்பத்தைத் துணைக்கு அழைப்பதாகும். இரக்கம் மட்டும் கன்றைக் காப்பாற்றாது. இலையின் கணக்கை அறிந்த இரக்கமே காப்பாற்றும்.

அவ்வாறு பிழைத்து வளர்ந்த மரம் தான் செலவிட்ட நீருக்கு ஈடு தருகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை இலையிலிருந்தும் சூழ்ந்த காற்றிலிருந்தும் ஆவி எடுத்துச் செல்கிறது. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் வலப் பாதையில் வெறுங்காலுடன் நடப்பவர், ஓலைக் கொட்டகையின் நிழலைவிட மரநிழல் குளிர்ச்சியாக இருப்பதை உணர்வார். கொட்டகை வெயிலை மறைக்க மட்டுமே செய்கிறது. மரம் வெயிலை மறைப்பதோடு கோடிக்கணக்கான இலைத்துளைகளால் வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது.

இச்சிறு வாயில்கள் காலத்தின் மாற்றத்தையும் பதிவு செய்கின்றன. 1958-இல் காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமிலவாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் பெருகி, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. உலர்த்திப் பாதுகாக்கப்பட்ட பழைய இலைகளை ஆராய்ந்த வுட்வர்ட் என்னும் ஆங்கில அறிஞர், சில மரங்களின் இலைத்துளைகள் இருநூறு ஆண்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்திருப்பதாக 1987-இல் அறிவித்தார். உணவு எளிதில் கிடைத்தால் வாயில்கள் குறைவாகவே போதும் அன்றோ? நீர் மிச்சமாவது நன்மையே. ஆனால் ஆவி குறைந்தால் குளிர்ச்சியும் குறையும். கோடையின் வெப்பமோ கூடிவருகிறது. இரண்டின் விளைவை ஆராயும் பணி உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கிறது.

மாணவர்களே, இவற்றைப் பிறர் சொல்லக் கேட்டு நம்புவதோடு நின்றுவிட வேண்டாம். ஒரே செடியிலிருந்து ஒத்த அளவுள்ள நான்கு இலைகளைப் பறியுங்கள். ஒன்றுக்கு இருபுறமும், மற்றொன்றுக்கு மேற்புறம் மட்டும், மூன்றாவதற்கு அடிப்புறம் மட்டும் வாசலைன் தடவுங்கள். நான்காவதை அப்படியே விடுங்கள். நான்கின் காம்பு நுனிகளையும் வாசலைனால் அடைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, எது முதலில் வாடுகிறது, எது இறுதிவரை பசுமையாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவ்விலையின் வாயில்கள் எப்புறத்தில் உள்ளன என்பதை அதுவே உங்களுக்குக் கூறிவிடும். துளையையே காண விரும்பினால், நிறமற்ற நகப்பூச்சை இலையின் அடிப்புறத்தில் மெல்லப் பூசி, உலர்ந்தபின் உரித்தெடுத்துப் பள்ளி நுண்ணோக்கியில் வையுங்கள். இரண்டிரண்டாக நிற்கும் காவலரின் அச்சு அதில் தெரியும்.

பின்பு உங்கள் ஊர்த் தெருவிலோ பள்ளி வளாகத்திலோ மழைக்காலத்தில் ஒரு கன்றை நடுங்கள். அடுத்த சித்திரையின் நண்பகலில் அதன் இலை சற்றே துவண்டு நிற்பதைப் பார்க்கும்போது, அது பசியையும் தாகத்தையும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். வெயில் தாழ்ந்ததும் அதன் வேருக்கு ஒரு குடம் நீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையில் அதன் வாயில்கள் திறக்கும்.